சாகாத செல்லும் கொல்லாத வைரஸும்

பூச்சிகளின் சூலகத்திலிருந்தோ கருவிலிருந்தோ எடுத்த செல்களை ஊட்டத் திரவத்தில் இட்டு வளர்க்கும்போது, அவற்றில் சில காலவரம்பின்றிப் பிரிந்து பெருகும் இயல்பைப் பெற்றுவிடுகின்றன. இப்படி ஒரே மூலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் செல் கூட்டத்தைச் செல் வரிசை என்கிறார்கள். டெங்கு ஆராய்ச்சியிலிருந்து தடுப்பூசித் தயாரிப்பு வரை பல வேலைகள் இந்த வரிசைகளை நம்பியே நடக்கின்றன. அவற்றுள் அதிகம் பயன்படும் பல வரிசைகள் ஏதோவொரு வைரஸைத் தமக்குள் சுமந்துகொண்டிருப்பது கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் தெரியவந்திருக்கிறது. அந்தச் செல்கள் வீங்குவதில்லை, வெடிப்பதில்லை, பிரியும் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. நுண்ணோக்கியில் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நலம். வைரஸ் மட்டும் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும்.

வைரஸ்கள் மனிதருக்கு அறிமுகமானதே அவை விளைவித்த நாசத்தின் வழியாகத்தான். புகையிலை இலையில் விழுந்த தேமல், மாட்டின் வாயில் வந்த கோமாரிப் புண் ஆகியவைதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றைக் காட்டிக்கொடுத்தன. செல் வளர்ப்பு வந்த பிறகும் அளவுகோல் மாறவில்லை. தட்டில் படர்ந்த செல்கள் செத்து, ஆங்காங்கே விழும் வெற்று வட்டங்களை எண்ணித்தான் ஒரு துளித் திரவத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். கொலையை எண்ணும் கருவி கொல்லாதவனைக் கண்டுபிடிக்காது. பூச்சிச் செல்களின் மறைந்த தொற்றுகள் இத்தனை காலம் மறைந்திருந்ததற்கு வைரஸின் தந்திரம் பாதிக் காரணம். பார்த்தவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட பார்வை மீதிப் பாதி.

இந்தத் தொற்று செல் வரிசைக்குள் நுழையும் வழிகள் சில உண்டு. செல்களைக் கொடுத்த பூச்சியே தொற்றுடன் இருந்திருக்கலாம். பல பூச்சி வைரஸ்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகக் குட்டிப் புழுவுக்குப் போகின்றன. முட்டையின் மேலோட்டைக் கிருமிநாசினியில் கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. வளர்ப்புத் திரவத்தில் சேர்க்கும் கன்றுக்கருச் சீரம் இன்னொரு வழி. ஒரே மேசையில் இரண்டு வரிசைகளைக் கையாளும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தெறிக்கும் ஒரு துளி போதும். ஒருமுறை நுழைந்துவிட்டால் பிறகு வெளியேறும் வாய்ப்பு அரிது. குடுவை நிரம்பியதும் கொஞ்சம் செல்களை எடுத்துப் புதுக் குடுவையில் விடுகிறார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதைப் போன்ற காரியம் இது. பழைய தயிரில் இருந்தது எல்லாம் புதுத் தயிரிலும் இருக்கும். ஒரு ஆய்வகம் இன்னொன்றுக்குச் செல்களை அனுப்பும்போது, கூடவே போவது என்ன என்று அனுப்புகிறவரும் அறியார், பெறுகிறவரும் அறியார்.

பூச்சித் திசுக்களை உடலுக்கு வெளியே உயிரோடு வைக்கும் முயற்சி பழையது. 1915இல் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் ஒரு பெரிய அந்துப்பூச்சி இனத்தின் விந்தணுச் செல்களைக் கொஞ்ச காலம் உயிரோடு வைத்துக் காட்டினார். 1935இல் வில்லியம் டிரேகர் பட்டுப்புழுவின் சூலகத் திசுவில் வைரஸை வளர்த்தார். ஆனால் நிற்காமல் பெருகும் முதல் செல் வரிசைகளுக்கு 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில் தாமஸ் கிரேஸ், யூக்கலிப்டஸ் இலை தின்னும் அந்துப்பூச்சி ஒன்றின் சூலகத்திலிருந்து அவற்றை உருவாக்கினார். அவர் பெயரால் வழங்கும் ஊட்டத் திரவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கிரேஸ் பிறகு ஏடிஸ் எஜிப்டி கொசுவிலிருந்தும் ஒரு வரிசையை உருவாக்கியதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் உண்மை வெளிவந்தது: அந்தக் குடுவைகளில் இருந்தவை கொசுச் செல்களே அல்ல, அவருடைய பழைய அந்துப்பூச்சிச் செல்கள். வேகமாக வளரும் செல் மெதுவாக வளரும் செல்லை விரட்டிவிட்டு அதன் பெயரில் வாழ்ந்திருக்கிறது. இது வைரஸ் விவகாரம் இல்லைதான். ஆனால் குடுவையின் மேல் ஒட்டிய சீட்டுக்கும் உள்ளிருப்பதற்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதைப் பூச்சிச் செல் வளர்ப்பு தன் குழந்தைப் பருவத்திலேயே காட்டிவிட்டது.

உண்மையான கொசுச் செல் வரிசைகளின் கதையில் இந்தியாவுக்குப் பெரிய இடம் உண்டு. புனேயில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1952இல் தொடங்கிய வைரஸ் ஆய்வு மையத்தில், கே. ஆர். பி. சிங் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கொசுப் புழுக்களை நறுக்கி, ஏடிஸ் அல்போபிக்டஸ், ஏடிஸ் எஜிப்டி இரண்டிலிருந்தும் செல் வரிசைகளை உண்டாக்கினார். 1967இல் அது ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியானது. அல்போபிக்டஸ் வரிசை உலகமெங்கும் போனது. இன்று டெங்குவையும் சிக்குன்குனியாவையும் ஆராய்கிறவர்கள் வாடிக்கையாகக் கையிலெடுக்கும் சி6/36 என்ற வரிசை, சிங்கின் செல்களிலிருந்து அகிரா இகராஷி 1978இல் பிரித்தெடுத்த ஒரு கிளை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸை வளர்த்தெடுக்க வேண்டுமானால் பல நாடுகளின் ஆய்வகங்களில் முதலில் நாடுவது அதைத்தான்.

கொசுச் செல் வரிசையில் மறைந்திருந்த வைரஸ் ஒன்று பிடிபட்டதும் சிங்கின் செல்களின் வழியாகத்தான், அதுவும் தற்செயலாக. அமெரிக்காவின் நியூஜெர்சியில் விக்டர் ஸ்டொலரும் அவருடைய சகாவும், இஸ்ரேலில் பெலெக் என்பவர் ஏடிஸ் எஜிப்டியின் கருவிலிருந்து உருவாக்கியிருந்த வேறொரு வரிசையின் ஊட்டத் திரவத்தை எடுத்துச் சிங்கின் அல்போபிக்டஸ் செல்கள் மேல் ஊற்றினார்கள். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சவ்வுகள் கரைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரும் பிண்டங்களாக மாறின. பெலெக்கின் செல்களோ எப்போதும் போல நன்றாகவே இருந்தன. தன் வீட்டில் சாதுவாக இருந்த ஒன்று, பக்கத்து இனத்தின் செல்லுக்குள் போனதும் தன்னைக் காட்டிக்கொண்டது. 1975இல் இதை அறிவித்தபோது அவர்கள் அதற்கு வைரஸ் என்ற பட்டத்தைக்கூட உடனே தரவில்லை. செல்களை இணைக்கும் காரணி என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. முதுகெலும்புள்ள விலங்குகளின் செல்களில் அது வளரவில்லை.

அதன் மரபுத் தொகுதி முழுவதையும் படித்து முடிக்க 1992 ஆயிற்று. படித்தபோது அது டெங்கு, மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. மனிதரைத் தொடாத, கொசுவோடு மட்டும் வாழும் ஒரு பங்காளி. ஆய்வகத்தில் மட்டும் இருக்கும் விநோதப் பிறவி என்று பலர் நினைத்திருந்த அந்த வைரஸ், 2006இல் வெளியான ஆய்வில் போர்ட்டோரிக்கோவின் காட்டுக் கொசுக்களில் காணப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அதே வகை வைரஸின் மரபுத் துண்டுகள் ஏடிஸ் கொசுக்களின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் பதிந்திருப்பது வெளியாகியிருந்தது. வெளியிலிருந்து வந்து தொற்றியது எது, பூச்சியின் சொந்தச் சொத்து எது என்று கோடு போட்டுப் பிரிப்பது அப்போதிலிருந்து கடினமாகிவிட்டது.

1975ஆம் ஆண்டு இன்னொரு செய்தியையும் தந்தது. அது அவ்வளவு சாதுவானதல்ல. ஒரு ஏடிஸ் அல்போபிக்டஸ் செல் வரிசையில் சிக்குன்குனியா வைரஸே கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மூட்டுகளை முறுக்கிப் போடும் காய்ச்சலைத் தரும் வைரஸ் அது. கொசுச் செல்லுக்கு அதனால் நோயில்லை என்பதால், எந்த வெளி அடையாளமும் இல்லாமல் குடுவைகளில் இருந்திருக்கிறது. பூச்சிச் செல்களில் இருக்கும் மறைந்த வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கற்றவை என்று சொல்லும்போதெல்லாம் இந்த ஒரு நிகழ்வை நினைவில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். 1990களில் டென்சோவைரஸ் என்ற மிகச் சிறிய டி.என்.ஏ. வைரஸ் சி6/36 செல்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தொடர்ந்து பல கொசுச் செல் வரிசைகளைச் சோதித்த ஸ்காட் ஓநீலின் குழு, இவ்வகை வைரஸ்கள் அவற்றில் பரவலாக இருக்கக்கூடும் என்று 1995இல் எழுதியது.

செல் சாகவில்லை, வைரஸும் ஒழியவில்லை. இந்த நிலை எப்படிச் சாத்தியம்?

மனித உடலில் வைரஸ் நுழைந்தால் இன்டர்ஃபெரான் அபாய மணி அடிக்கும். தொற்றிய செல் தன்னையே மாய்த்துக்கொள்வதும் உண்டு. பூச்சிகளிடம் இன்டர்ஃபெரான் இல்லை, நினைவாற்றல் கொண்ட எதிர்ப்புப் புரதங்களும் இல்லை. அவற்றின் முதன்மையான ஆயுதம் வெட்டுக்கத்தி வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்கள் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகிறது. டைசர்-2 என்ற நொதி அதைக் கண்டதும் 21 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளை இன்னொரு புரதம் கையில் வைத்துக்கொண்டு, அதே எழுத்து வரிசை கொண்ட ஆர்.என்.ஏ.வைத் தேடித் தேடி அறுக்கிறது. வைரஸின் எண்ணிக்கை இதனால் சரிகிறது, ஆனால் சுழியத்துக்குப் போவதில்லை. வைரஸ் கொஞ்சம் தலைதூக்கினால் துண்டுகள் கூடும்; துண்டுகள் கூடினால் வைரஸ் தாழும். இரண்டும் சேர்ந்து ஒரு மட்டத்தில் நிலைகொள்கின்றன.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கார்லா சாலேயின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத ஒரு துணைக்கதையைச் சேர்த்தது. பழ ஈயின் செல்களில் ஆர்.என்.ஏ. வைரஸ் நீண்டகாலம் தங்கும்போது, அதன் சில பகுதிகள் டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்படுகின்றன. எழுதுவது, ஈயின் மரபுத் தொகுதியில் பழங்காலத்திலிருந்தே தாவித் திரியும் நடமாடும் மரபுக்கூறுகளின் நொதி. அந்த டி.என்.ஏ. பிரதியிலிருந்து மேலும் துண்டுகள் உண்டாகி வைரஸை அடக்கி வைக்கின்றன. அந்த மாற்றெழுத்தை மருந்து கொடுத்துத் தடுத்தபோது சமநிலை குலைந்து தொற்று தீவிரமாயிற்று. ஒரு காலத்தில் ஊடுருவிய ஒட்டுண்ணி, பிறகு வந்த ஊடுருவலைக் கட்டுப்படுத்துகிறது.

எல்லாத் தொற்றும் இதே விதிப்படி நடப்பதில்லை. சோளக்கதிர்ப் புழு ஒன்றின் சூலகத்திலிருந்து வந்த செல் வரிசையில் 1978இல் ராபர்ட் கிரானடோஸ் கண்டெடுத்த ஹெச்.இசட்-1 வைரஸ் பெரிய டி.என்.ஏ. வைரஸ். அது வெட்டுக்கத்திக்குத் தப்ப வேறு வழி வைத்திருக்கிறது. தீவிரத் தொற்றில் தன் மரபணுக்கள் பலவற்றை இயக்கிச் செல்லைக் கொல்லும். மறைந்த நிலைக்குப் போனதும் ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, புரதம் எதையும் தராத ஒரே ஒரு ஆர்.என்.ஏ.வை மட்டும் எழுதிக்கொண்டிருக்கும். தைவானில் சாவ் யூ-சான் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து விளக்கியது இது. அதன் நெருங்கிய உறவு வைரஸ் வயல்வெளி அந்துப்பூச்சிகளின் இனப்பெருக்க உறுப்புகளைக் குலைத்து மலடாக்குகிறது, கலவியில் பரவுகிறது. செல் வரிசையில் ஒளிந்திருப்பது எதுவும் ஆய்வகம் படைத்த செயற்கைப் பொருள் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சி6/36 வேறு ரகம். அதன் டைசர்-2 நொதி சரிவர வேலை செய்யாததை 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. டெங்கு அதில் அவ்வளவு செழிப்பாக வளர்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதாவது கொசுவுக்கும் வைரஸுக்கும் உள்ள உறவை அறிய உலகம் அதிகம் பயன்படுத்திய செல்லிடம், கொசுவின் முதன்மைப் பாதுகாப்பே இல்லை. அப்படியிருந்தும் அது தொற்றோடு வாழ்கிறது என்பது இன்னும் வியப்பு. தாய்லாந்தில் டிமோதி ஃபிளெகல் குழு 2010இல் சி6/36 செல்களில் டென்சோவைரஸ், டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் நிலையாகத் தங்கவைத்துக் காட்டியது. பூச்சிச் செல்லின் சகிப்பு வெட்டுக்கத்தியோடு முடிந்துவிடவில்லை.

பழ ஈ செல்களின் கதைக்கு இங்கே திரும்ப வேண்டும். இமோஜீன் ஷ்னைடர் 1972இல் உருவாக்கிய எஸ்2 உள்ளிட்ட வரிசைகள் மரபியலாளர்களின் அன்றாடக் கருவி. 1970களின் இறுதியிலேயே பிரான்சில் நதீன் ப்ளூஸ் இவ்வகைச் செல்களில் பல வைரஸ்கள் இருப்பதைப் பட்டியலிட்டார். 1980இல் ஃப்ரீசனும் ரூக்கர்ட்டும் சகாக்களும், நியூசிலாந்தின் வண்டு ஒன்றிலிருந்து வந்த நோடாவைரஸைப் பழ ஈ செல்களில் ஏற்றியபோது ஒரு கிளை வரிசை தொற்றை ஏற்க மறுத்தது. அதற்குள் உறவு வைரஸ் ஏற்கெனவே குடியேறியிருந்தது. இத்தனைக்குப் பிறகும், மரபியல் ஆய்வகங்களில் எஸ்2 செல்லைப் பெரும்பாலும் வெறும் பழ ஈ செல்லாகவே நடத்தினார்கள். வைரஸ் ஆய்வாளரின் இதழ் மரபியலாளரின் மேசைக்குப் போகவில்லை என்றுதான் இதற்குக் காரணம் சொல்லத் தோன்றுகிறது.

2009, 2010 ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. செல்லின் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை லட்சக்கணக்கில் ஒரே மூச்சில் படிக்கும் கருவிகள் வந்திருந்தன. படித்தவர்களில் பலர் தேடியது ஈயின் சொந்த ஆர்.என்.ஏ.க்களை, கூடவே கிடைத்தவை வைரஸ் துண்டுகள். கலிபோர்னியாவில் ஷோவெய் டிங் குழு இதை ஒரு வழிமுறையாகவே மாற்றியது. பூச்சிச் செல் தன்னுள் இருக்கும் வைரஸை நறுக்குகிறது. நறுக்கிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருக்கும். அவற்றைக் கணினியில் கோத்தால் வைரஸின் முழு வரிசையும் திரும்பக் கிடைக்கும். எந்த வைரஸைத் தேடுகிறோம் என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுவரை பெயரில்லாத பல வைரஸ்கள் பழ ஈ செல் வரிசைகளிலிருந்து இப்படி வெளிவந்தன. ஒளிந்திருப்பவனின் பட்டியலைச் செல்லே எழுதி வைத்திருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

பட்டுப்புழுச் செல்களுக்கும் விலக்கில்லை. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்சுமா குழு 2005இல் அவற்றில் கண்ட வைரஸ், தாவர வைரஸ்களின் நெருங்கிய உறவு. தேனீச் செல் வரிசை உருவாக்குவது மிகக் கடினம். மின்னசோட்டாவில் 2013இல் அறிவிக்கப்பட்ட ஒன்றில் தேனீக்களின் சிறகைச் சுருக்கும் வைரஸ் உடனிருந்தது. மற்ற தேனீ வைரஸ்களை அதில் ஏற்றிச் சோதிக்க முயன்றவர்களுக்கு அதுவே பெருந்தொல்லையாகிவிட்டது.

இவையெல்லாம் ஆய்வாளர்களின் தலைவலி என்று விட்டுவிட முடியாதபடி, பூச்சிச் செல்கள் மருந்துத் தொழிற்சாலைக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவின் டெக்ஸாஸில் கேல் ஸ்மித்தும் மேக்ஸ் சம்மர்ஸும் 1983இல், பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸில் மனித மரபணுவைப் பொருத்தி, புழுச் செல்லில் மனித இன்டர்ஃபெரானைத் தயாரித்தார்கள். அதற்குப் பயன்பட்டவை, 1977இல் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் ஒரு புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து உருவான செல்களின் வழிவந்தவை. எஸ்.எஃப்.9 என்ற புகழ்பெற்ற கிளையும் அதிலிருந்து பிரிந்ததே. அந்தப் புழு தமிழ்நாட்டு உழவருக்குப் புதியதல்ல. 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அதே ஆண்டில் இங்கும் மக்காச்சோளக் கொல்லைகளைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழுவேதான் அது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான செர்வாரிக்ஸ் தடுப்பூசி வேறொரு புழுவின் ஹை ஃபைவ் செல்களில் உருவாகிறது. ஃப்ளூவுக்கான ஃப்ளுபிளாக் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோவாவேக்ஸ் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசி, புனேயின் சீரம் நிறுவனத்தில் கோவோவேக்ஸ் என்ற பெயரில் தயாராகி 2021 டிசம்பரில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்றது; அதன் புரதமும் எஸ்.எஃப்.9 செல்களில் விளைந்ததே.

2007இல் தோக்கியோவின் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த குழு, ஹை ஃபைவ் செல்களில் மறைந்திருந்த ஒரு நோடாவைரஸை அறிவித்தது. 2014இல் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வகத்தில் அரிஃபா கான் தலைமையிலான குழு, படைப்புழுச் செல் வரிசைகளில் அதுவரை யாரும் அறியாத ஒரு ராப்டோவைரஸைக் கண்டது. வெறிநாய்க்கடி வைரஸ் சேர்ந்திருக்கும் பெருங்குடும்பம் அது. தாய் வரிசையிலும் எஸ்.எஃப்.9 கிளையிலும் அது இருந்ததிலிருந்து, நெடுங்காலமாகவே உடன் வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். தடுப்பூசிக்கான செல் வங்கிகளைக் கோழிக்கருவிலும் பால்குடிக் குஞ்சு எலியிலும் பலவகைச் செல்களிலும் செலுத்திச் சோதிக்கும் மரபு பல பத்தாண்டுகளாக இருந்தது. நோய் வந்தால்தான் வைரஸ் இருக்கிறது என்று சொல்லும் அந்தச் சோதனைகளின் வலையில் இது அகப்படாததில் வியப்பில்லை. பிறகு வயல்வெளிப் படைப்புழுக்களிலும் அதே வைரஸ் காணப்பட்டது.

பீதிக்கு இதில் இடமில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை. சோதித்த வரை இந்த ராப்டோவைரஸ் மனிதச் செல்களில் பெருகியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பூச்சிச் செல்லில் விளைந்த புரதத்தைச் சோப்பு போன்ற வேதிப்பொருட்களால் கழுவி, நிறப்பிரிகைத் தூண்களில் ஏற்றி இறக்கி, வைரஸ் புகாத நுண்வடிகட்டியில் வடித்த பின்னரே மருந்தாக்குகிறார்கள். கொழுப்புறை கொண்ட ராப்டோவைரஸ் சோப்பிலேயே சிதையும். ஆனால் நோடாவைரஸுக்குக் கொழுப்புறை கிடையாது. ஒரு படியில் தப்பினால் அடுத்த படிதான் காப்பு. 1960இல் போலியோ தடுப்பூசி தயாரித்த குரங்குச் சிறுநீரகச் செல்களில் எஸ்.வி.40 வைரஸ் இருந்தது தெரியவந்ததும், 2010இல் ரோட்டாரிக்ஸ் தடுப்பூசியில் பன்றிகளின் வைரஸ் ஒன்றின் மரபுப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தத் துறையின் நினைவில் இருக்கின்றன. இரண்டாவதைக் கண்டது ஒழுங்குமுறைச் சோதனை அல்ல, மரபு வரிசைகளை மொத்தமாகப் படித்த ஆய்வாளர்கள். மருந்துகளின் வைரஸ் பாதுகாப்புக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2023இல் திருத்தப்பட்டபோது, மொத்த வரிசைப் படிப்பு பழைய விலங்குச் சோதனைகளுக்கு மாற்றாக ஏற்கப்பட்டது. நெடுங்காலம் தள்ளிப்போட்ட நல்ல முடிவு.

வைரஸை விரட்டவும் முடிந்திருக்கிறது. வயோமிங் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஜார்விஸ் குழு, ஒற்றைச் செல்களைப் பிரித்து வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் கலவையில் வளர்த்து, ராப்டோவைரஸ் இல்லாத படைப்புழுச் செல் வரிசையை 2016இல் வெளியிட்டது. அந்தச் செல்கள் பழையவற்றைப் போலவே வளர்ந்தன, புரதமும் அதே அளவில் தந்தன. நோடாவைரஸ் இல்லாத வரிசைகளும் பட்டுப்புழுச் செல்லில் தூய வரிசைகளும் வந்துள்ளன. தொற்று நீங்கினால் செல் நலிந்துவிடுமோ என்ற அச்சம் இவற்றில் பலிக்கவில்லை.

மருந்துத் துறை விழித்துக்கொண்ட அளவுக்கு அடிப்படை ஆராய்ச்சி விழித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. பாதிப்பு அங்கேதான் நுட்பமானது. டென்சோவைரஸ் குடியிருக்கும் சி6/36 செல்களில் டெங்கு ஏறினால் அதன் தீவிரம் வெகுவாகக் குறைவதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். ஏடிஸ் எஜிப்டியின் ஏ.ஏ.ஜி.2 வரிசையில் செல்களை இணைக்கும் பழைய வைரஸும், தாய்லாந்தின் ஓர் இடத்தின் பெயர் தாங்கிய பாசி சாரோன் வகை வைரஸும் நிரந்தரமாகத் தங்கியிருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் கொசுச் செல்லில் டெங்கு போன்றவற்றின் பெருக்கம் தாழும் என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படியானால் ஒரு கொசு மரபணுவை முடக்கினோம், டெங்கு கூடியது என்று எழுதும் ஒருவர் உண்மையில் அளந்தது என்ன? மரபணு டெங்குவைத் தடுத்ததையா, அல்லது அது உள்ளிருந்த வைரஸை அடக்கி வைத்திருந்து, அடக்கம் நீங்கியதும் எல்லாம் இடம் மாறியதையா? சோதனைக் குடுவையிலும் ஒப்பீட்டுக் குடுவையிலும் ஒரே வைரஸ் இருக்கிறது, ஆகவே வேறுபாடு கழிந்துவிடும் என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் நிற்காது. இரண்டு ஆய்வகங்களின் ஏ.ஏ.ஜி.2 செல்கள் ஒரே வைரஸை ஒரே அளவில் வைத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு ஊர்களில் ஒரே சோதனை வெவ்வேறு விடை தந்ததற்கு வெப்பநிலையையும் சீரத்தையும் குறை சொன்ன காலங்களில், குடுவையைத் திறந்து படித்திருக்கலாம்.

தொற்றுள்ள செல்லை எல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. இயற்கைக் கொசுவும் இப்படிப்பட்ட வைரஸ்களோடுதான் பறக்கிறது; முற்றிலும் தூய செல் கொசுவின் உண்மை நிலைக்கு நெருக்கமானது என்று சொல்லவும் முடியாது. பூச்சிச் செல் எப்படி நோயின்றித் தொற்றைத் தாங்குகிறது என்பதை அறிய இந்தக் குடுவைகளே சிறந்த களம். தேவைப்படுவது இருப்பதைத் தெரிந்து வைத்திருப்பது. ஒரு செல் வரிசையின் சிறு ஆர்.என்.ஏ.க்களைப் படிப்பது இன்று நல்ல ஆய்வகங்களுக்கு எட்டாத செலவல்ல. முன்னணி அறிவியல் இதழ்கள் கட்டுரையோடு கேட்கும் படிவத்தில், செல் எங்கிருந்து வந்தது, அதன் அடையாளம் சரிபார்க்கப்பட்டதா, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் கலப்பு சோதிக்கப்பட்டதா என்ற கேள்விகள் இருக்கின்றன. பூச்சிச் செல் பயன்படுத்தியவருக்கு அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: இந்த வரிசையில் எந்தெந்த வைரஸ்கள் உள்ளன, எந்த முறையில், எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது?